எரிந்த இடத்திலேயே எழுதுங்கள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரில் கிரீன்வுட் அவென்யூ என்று ஒரு தெரு. அதன் நடைபாதையில் சிறு உலோகத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயரோ, விடுதியின் பெயரோ, மருத்துவரின் பெயரோ இருக்கும். அது 1921இல் அழிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். கடைசியாக ஒரு வரி: மீண்டும் திறக்கப்பட்டது, அல்லது திறக்கப்படவில்லை.

இனவெறிப் படுகொலைகள் நடந்த அமெரிக்க நகரங்கள் பலவும் இன்று ஏதோவொரு நினைவுச்சின்னம் வைத்திருக்கின்றன. பூங்கா, வெண்கலச் சிலை, அருங்காட்சியகம், சாலையோரப் பலகை எனப் பல வகை. அவற்றுள் இந்தத் தகடுகளையே நான் முதலிடத்தில் வைப்பேன். நடந்த இடத்திலேயே இவை நிற்கின்றன. இழந்தவர் யாரென்று பெயர் சொல்கின்றன. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கவில்லை. இந்த மூன்றும் ஒருசேர அமைந்த சின்னங்கள் மிகக் குறைவு. ஒரு நகரம் தன் மக்களில் ஒரு பகுதியினரைத் தானே கொன்று, வீடுகளைக் கொளுத்தி, அந்த மண்ணின் மேலேயே தொடர்ந்து வாழ்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தை எப்படி நினைவுகூர்வது? அமெரிக்கா ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இதற்கு விடை தேடி வருகிறது. கிடைத்த விடைகளில் சில நேர்மையானவை, சில அரைகுறை, சில வெறும் அலங்காரம்.

டல்சாவில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். 1921 மே 30 அன்று டிக் ராலண்ட் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர், டிரெக்சல் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினார். ஷூ துடைத்துப் பிழைப்பவர். லிஃப்டை இயக்கிய சாரா பேஜ் என்ற வெள்ளைப் பெண் கூச்சலிட்டார். என்ன நடந்தது என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். ராலண்ட் மீதான வழக்கு பிற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் மறுநாள் 'டல்சா ட்ரிப்யூன்' மாலை நாளிதழ், பெண்ணைத் தாக்கியவன் பிடிபட்டான் என்று செய்தி போட்டது. அன்று மாலை நீதிமன்றத்தைச் சுற்றி வெள்ளையர் கூட்டம் திரண்டது. இளைஞரை இழுத்துச்சென்று தூக்கிலிட்டுவிடுவார்கள் என்று அஞ்சிய கறுப்பினத்தவர், முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வீரர்கள் உட்பட, துப்பாக்கிகளோடு காவலுக்கு வந்தார்கள். கைகலப்பில் ஒரு துப்பாக்கி வெடித்தது. பிறகு இரவு முழுவதும், மறுநாள் பகல் வரை தாக்குதல். காவல்துறையே வெள்ளையர் நூற்றுக்கணக்கானோரைச் சிறப்புக் காவலர்களாக நியமித்தது, ஆயுதங்களும் கொடுத்தது.

கிரீன்வுட் அப்போது அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற கறுப்பினக் குடியிருப்பு. 'கறுப்பர்களின் வால் ஸ்ட்ரீட்' என்று அதைச் சொல்வார்கள். ஜே.பி. ஸ்ட்ராட்ஃபோர்டின் 54 அறைகள் கொண்ட விடுதி, ட்ரீம்லேண்ட் திரையரங்கம், ஏ.ஜே. ஸ்மிதர்மன் நடத்திய 'டல்சா ஸ்டார்' பத்திரிகை எல்லாம் அங்கே இருந்தன. 35 தெருத்தொகுதிகள் சாம்பலாயின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 1,256 வீடுகள் எரிக்கப்பட்டன. மேலும் 215 வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டன. ஏறக்குறைய 10,000 பேர் வீடிழந்தனர். இறந்தவர் 36 பேர் என்பது அன்றைய அரசுக் கணக்கு. 100 முதல் 300 வரை என்பது பின்னாளைய ஆய்வாளர்களின் மதிப்பீடு. நாடு போற்றிய அறுவை மருத்துவர் ஏ.சி. ஜாக்சன், கைகளை உயர்த்திக்கொண்டு தம் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது சுடப்பட்டு இறந்தார். உயிர்தப்பிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்து மாநாட்டு அரங்கிலும் பேஸ்பால் மைதானத்திலும் கண்காட்சித் திடலிலும் அடைத்துவைத்தார்கள். ஒரு வெள்ளை முதலாளி வந்து பொறுப்பேற்றால்தான் விடுதலை. வெளியே வந்தவர்கள் பச்சை நிற அடையாள அட்டையை அணிந்துகொண்டுதான் நடமாட முடிந்தது.

கொலைக்காகவோ கொள்ளைக்காகவோ வெள்ளையர் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கலவரச் சேதத்துக்குக் காப்பீடு பொருந்தாது என்று நிறுவனங்கள் கையை விரித்தன. எரிந்த நிலத்தில் இனி தீப்பிடிக்காத பொருள்களால்தான் கட்ட வேண்டும் என்று நகராட்சி ஒரு சட்டம் போட்டது. கையில் காசில்லாத மக்களை அங்கிருந்து கிளப்பி, நிலத்தை ரயில், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதே அதன் நோக்கம். பி.சி. ஃபிராங்ளின் என்ற வழக்கறிஞர் கூடாரத்தில் அலுவலகம் போட்டு வழக்காடி அதை முறியடித்தார். மக்கள் மீண்டும் கட்டினார்கள். 1925இல் தேசியக் கறுப்பின வணிகர் சங்கத்தின் மாநாடே கிரீன்வுட்டில் நடக்கும் அளவுக்குக் கட்டினார்கள். நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் தீயைப் பற்றியே பேசுகின்றன. இந்த மறுகட்டுமானம் அதே அளவு பேசப்பட வேண்டியது.

ஏனென்றால் கிரீன்வுட் இரண்டாவது முறையும் அழிந்தது. 1960களிலும் 70களிலும் நகர்ப்புறப் புதுப்பிப்பு என்ற பெயரில் வீடுகள் இடிக்கப்பட்டன. 244ஆம் எண் நெடுஞ்சாலை வணிகத் தெருவின் குறுக்கே உயரப் பாலமாக எழுந்தது. இந்த முறை தீயில்லை, துப்பாக்கியில்லை. அரசாணையும் கான்கிரீட்டும் போதுமானதாக இருந்தன. இன்று அந்த மண்ணில் ஒரு பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. 2010இல் திறந்த பேஸ்பால் மைதானம் நிற்கிறது. மீண்டும் கட்டிய தெருவில் எஞ்சியவை ஒருசில செங்கல் கட்டடங்கள் மட்டுமே. 1921இல் எரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு நெடுஞ்சாலையைச் சொல்லாமல் விடும் எந்த நினைவுச்சின்னமும், குற்றத்தை முழுவதுமாக இறந்துபோனவர்களின் தலையில் கட்டிவிட்டு, நேற்றைய நகராட்சியைத் தப்பவிடுகிறது.

இதற்கிடையே ஐம்பது ஆண்டு மௌனம். படுகொலையைத் தூண்டிய நாளிதழ்ச் செய்தி, பழைய பக்கங்களை மைக்ரோஃபிலிமில் பதிவுசெய்ய எடுத்தபோது கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. மேரி ஜோன்ஸ் பாரிஷ் என்ற கறுப்பினப் பெண்மணி அடுத்த சில ஆண்டுகளிலேயே, தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதை வாசித்தவர் சிலரே. 1971இல் எட் வீலர் என்பவர் எழுதிய கட்டுரையை நகர வணிகச் சங்கத்தின் இதழ் ஏற்க மறுத்தது. 'இம்பாக்ட்' என்ற கறுப்பின இதழ்தான் வெளியிட்டது. பள்ளியில் இதைப் படிக்காமலேயே வளர்ந்தவர்கள் டல்சாவில் இரண்டு தலைமுறை. கறுப்பினப் பெற்றோரிலும் பலர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் நடக்கும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

1996இல், 75ஆம் ஆண்டில், கிரீன்வுட்டில் கருங்கல் நினைவுச்சின்னம் எழுந்தது. 1997இல் மாநிலம் ஒரு ஆணையம் அமைத்தது. 2001இல் வந்த அதன் அறிக்கை, நகர அதிகாரிகளின் பங்கை ஒப்புக்கொண்டு நட்ட ஈட்டையும் பரிந்துரைத்தது. சட்டமன்றம் பணம் தரவில்லை. தப்பிப் பிழைத்த முதியவர்களுக்கு மாநில முத்திரை பொறித்த பதக்கங்களைக் கொடுத்தது. 2010இல் ஜான் ஹோப் ஃபிராங்ளின் நல்லிணக்கப் பூங்கா திறந்தது; கூடாரத்தில் வழக்காடிய அந்த வழக்கறிஞரின் மகன், பெரும் வரலாற்றாசிரியர் அவர். 2021இல் நூற்றாண்டையொட்டி 'கிரீன்வுட் ரைசிங்' என்ற அருங்காட்சியகம் வந்தது. நூற்றாண்டுக் குழு திரட்டிய நிதி ஏறத்தாழ 3 கோடி டாலர். அப்போது உயிரோடிருந்த தப்பியவர்கள் மூன்றே பேர், எல்லாரும் நூறு வயதைத் தாண்டியவர்கள். நினைவுக்கு இத்தனை கோடி, எங்களுக்கு என்ன என்று அவர்கள் தரப்பு கேட்டது. அந்தக் கேள்வியைப் பேராசை என்று சொல்லியவர்கள் உண்டு. எனக்கு அது முழு நியாயமான கேள்வியாகவே படுகிறது. நூற்றாண்டு விழா நடந்த அதே மே மாதத்தில், இன வரலாற்றைப் பள்ளியில் எப்படிக் கற்பிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் மாநில ஆளுநர் கையெழுத்திட்டார். நூற்றாண்டுக் குழு அவரைத் தன் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது.

டல்சாவை மட்டும் பார்த்தால் இது ஒரு நகரத்தின் கதை போலத் தோன்றும். வட கரோலினாவின் வில்மிங்டன் இன்னும் பழையது. 1898 நவம்பர் 10 அன்று அங்கே ஆயுதம் தாங்கிய வெள்ளையர்கள், அலெக்ஸ் மேன்லி நடத்திய 'டெய்லி ரெக்கார்ட்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். கறுப்பினத்தவரைத் தெருத்தெருவாகச் சுட்டார்கள். இரு இனத்தவரும் பங்கேற்ற நகராட்சியைத் துப்பாக்கி முனையில் கவிழ்த்து, கூட்டத்தை வழிநடத்திய ஆல்ஃபிரட் வாடெல் அன்றே மேயரானார். அங்கே 2008இல் திறந்த நினைவுப் பூங்காவில் ஆறு பெரிய வெண்கலத் துடுப்புகள் நிற்கின்றன. நீர் என்பது மறுமைக்குச் செல்லும் வழி என்ற ஆப்பிரிக்க நம்பிக்கையைத் தழுவிச் சிற்பி அவற்றைச் செய்தார். அழகான வேலைதான். ஆனால் துடுப்பைப் பார்க்கிறவருக்கு இங்கே ஓர் அரசு கவிழ்க்கப்பட்டது என்று தானாகத் தெரியாது. பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும். மேன்லிக்காக முன்பு வைத்த சாலையோரப் பலகையும், அலுவலகம் சில தெருக்கள் கிழக்கே இருந்தது என்று தூரத்திலிருந்து கைகாட்டியது. மாநிலப் பலகைகள் எண்ணிட்ட நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வைக்கப்படுபவை. கொலைகள் நடந்ததோ குடியிருப்புத் தெருக்களில். ஆயுதக் கும்பல் அரசைக் கவிழ்த்தது என்று வெளிப்படையாகச் சொல்லும் பலகை 2019இல்தான் வந்தது. சதியில் பங்குகொண்ட ஹியூ மெக்ரேயின் பெயரைத் தாங்கிய பூங்காவுக்குப் பெயர் மாறியது 2020இல்.

செய்தவர்களின் பெயர் ஊரெங்கும் பொறித்திருக்க, செத்தவர்களின் பெயர் ஒரு மூலையில் நிற்பது அமெரிக்க நகரங்களில் சாதாரணம். டல்சாவின் பிரேடி தெரு, வெள்ளையர் ஆதிக்க அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் உறுப்பினராக இருந்த டேட் பிரேடியின் பெயரைத் தாங்கியது. 2013இல் நகர மன்றம் ஒரு தந்திரம் செய்தது. பெயரை நீக்காமல், இனி இது உள்நாட்டுப் போர்க்காலப் புகைப்படக் கலைஞர் மேத்யூ பிரேடியைக் குறிக்கும் என்று முடிவெடுத்தது. அந்தக் கேலிக்கூத்து சில ஆண்டுகளில் முடிந்து, இப்போது அது நல்லிணக்கச் சாலை. அட்லாண்டாவில் நிலைமை இன்னும் கசப்பானது. 1906 செப்டம்பர் கொலைவெறியில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் உடல்களைக் கும்பல் இழுத்துவந்து, ஹென்றி கிரேடி என்ற பத்திரிகை ஆசிரியரின் சிலைக்கடியில் போட்டது. வெள்ளையர் ஆதிக்கத்தை மேடைதோறும் ஆதரித்துப் பேசியவர் கிரேடி. சிலை அங்கேயே நின்றது. நியூ ஆர்லியன்ஸில் 1874இன் வெள்ளையர் கிளர்ச்சியைப் போற்றும் தூணே எழுப்பப்பட்டிருந்தது; 2017இல் அதை இரவோடிரவாக அகற்றினார்கள். தொழிலாளர்கள் முகத்தை மூடிக்கொண்டும் தலைக்கவசம் அணிந்துகொண்டும் வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டை நான் வேறொரு காரணத்துக்காக முக்கியமாகக் கருதுகிறேன். ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த, அவர் அடக்கமான ஊர் அது. 1908 ஆகஸ்டில் ஒரு வெள்ளைப் பெண் பொய்யாகக் குற்றம் சாட்டினார். பிற்பாடு அவரே பொய் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் கறுப்பினக் குடியிருப்பு எரிந்துவிட்டது. ஸ்காட் பர்ட்டன் என்ற சவரத் தொழிலாளியும், எண்பது வயதைத் தாண்டிய வில்லியம் டானெகன் என்ற செருப்புத் தைப்பவரும் தூக்கில் தொங்கவிடப்பட்டார்கள். டானெகன் கொலை வழக்கில் நிறுத்தப்பட்டவர் விடுதலையானார். ஒரு வாளைத் திருடியதற்காக மட்டும் அவருக்குத் தண்டனை கிடைத்தது. லிங்கன் ஊரிலேயே இப்படியா என்ற அதிர்ச்சியில்தான் அடுத்த ஆண்டு லிங்கன் பிறந்த நாளில், கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் பிறந்தது. ஊர் எல்லாவற்றையும் மறந்தது. 1990களில் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு சிறுமிகள், நம் ஊரில் இதற்கு ஏன் ஒரு அடையாளமும் இல்லை என்று கேட்டு நகராட்சிக்கு மனுக் கொடுத்தார்கள். 1994இல் சம்பவ இடங்களில் எட்டு அடையாளக் கற்கள் வந்தன.

பிறகு மண்ணே பேசியது. 2014இல் ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது, அன்று எரிக்கப்பட்ட வீடுகளின் செங்கல் அடித்தளங்கள் வெளிப்பட்டன. கரிந்த பொருள்கள் அப்படியே இருந்தன. ரயில் பாதையின் போக்கைச் சற்று மாற்றி அந்த இடத்தைக் காத்தார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. சிற்பி எவராலும் இதற்கு ஈடாக ஒன்றைச் செய்திருக்க முடியாது என்பேன். நான்கு சுவரின் அடித்தளத்தைப் பார்க்கிறவர், இது ஒரு குடும்பத்தின் அடுக்களை, இது திண்ணை என்று கண்டுகொள்கிறார். கலவரம் என்ற பொதுச் சொல்லுக்குள் மறைந்திருந்த வீடு அங்கே தெரிகிறது.

சிகாகோவின் முயற்சியும் இதே பாதையில் போகிறது. 1919 ஜூலை 27 அன்று யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுச் சிறுவன், மிச்சிகன் ஏரியில் தெப்பத்தில் மிதந்தபடி, கண்ணுக்குத் தெரியாத இன எல்லையைத் தாண்டிவிட்டான். கரையிலிருந்து வெள்ளையர் ஒருவர் கல்லெறிந்தார். சிறுவன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைதுசெய்யக் காவலர் மறுத்தார். தொடர்ந்த ஒரு வாரத்தில் 38 பேர் இறந்தனர்: 23 கறுப்பினத்தவர், 15 வெள்ளையர். 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இன்று அங்கே ஒரு நினைவுத் திட்டம், 38 பேரும் இறந்த 38 இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு இடத்திலும் நடைபாதையில் கண்ணாடிக் கல் பதிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. ஜெர்மானியக் கலைஞர் குன்டர் டெம்னிக், நாஜிகள் கொன்றவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசல்களில் பதித்துவரும் பித்தளைக் கற்களே இதற்கு முன்மாதிரி. அவை 2023இல் ஒரு லட்சத்தைத் தொட்டன. சிகாகோவின் கற்களைச் செய்வதில், துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டுக் கண்ணாடி ஊதும் கலையைக் கற்றுத் தேறிவரும் இளைஞர்களுக்குப் பங்கிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் இந்த இடங்களினூடே சைக்கிளில் பயணம் போகிறார்கள். கொலை நடந்த இடங்கள் பல, இன்று சாதாரண முச்சந்தி, பேருந்து நிறுத்தம், காலி மனை. அங்கே நின்று பெயரைச் சொல்வதுதான் அந்தப் பயணத்தின் பொருள்.

ஒரே இடத்தில் எழுப்பும் பெரிய சின்னத்தைவிட, சிதறிய சிறிய அடையாளங்கள் உண்மைக்கு நெருக்கமானவை என்பது என் முடிவு. படுகொலை ஒரு மைதானத்தில் நடக்கவில்லை. ஊர் முழுவதும் நடந்தது. பூங்காவுக்குப் போகிறவர் போக விரும்பியவர். நடைபாதைத் தகடோ, காய்கறி வாங்கப் போகிறவரையும் நிறுத்துகிறது. இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. தரையில் பதித்ததை மிதிப்பார்கள், பனியில் மறையும், நாளடைவில் கண்ணில் படாமலே போகும். ஜெர்மனியில் மியூனிக் நகரம், யூத சமூகத் தலைவர்களின் எதிர்ப்பை மதித்துப் பொது நடைபாதைகளில் டெம்னிக்கின் கற்களை அனுமதிக்கவில்லை. சுவரில் பலகையும் கம்பத்தில் தகடுமாக வைத்தார்கள். இது நியாயமே. எந்த வடிவம் என்பதை இழந்தவர்களின் வழிவந்தோர் தீர்மானிக்கட்டும். இடத்தைவிட்டு விலகக் கூடாது என்பது மட்டுமே என் வாதம்.

இடம் என்றால் புதைகுழியும் சேர்ந்ததுதான். டல்சாவில் இறந்தவர்களைக் கூட்டமாகப் புதைத்தார்கள் என்று ஊரில் வாய்வழிப் பேச்சு இருந்துகொண்டே இருந்தது. ஓக்லான் இடுகாட்டில் பெரிய மரப்பெட்டிகளில் உடல்களைப் பார்த்ததாக, அப்போது சிறுவனாக இருந்த ஒருவர் முதுமையில் வாக்குமூலம் கொடுத்தார். 2020 அக்டோபரில் அங்கே தோண்டியபோது வரிசையாகச் சவப்பெட்டிகள் கிடைத்தன. 2024இல் மரபணுச் சோதனை மூலம் முதல் பெயர் தெரிந்தது: சி.எல். டேனியல், முதல் உலகப் போரில் பணியாற்றிய ஜார்ஜியா மாநிலத்து வீரர். 1936இல் அவருடைய தாயின் சார்பில் ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதம், அவர் டல்சாவில் கொல்லப்பட்டதை உறுதிசெய்தது. மகனுக்கு என்ன ஆயிற்று என்று தாய்க்குத் தெரிந்திருந்தது. அரசாங்கக் கோப்பிலும் இருந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க யாரும் முன்வரவில்லை. நினைவுகூரல் என்ற பெயரில் நடந்த எல்லா வேலைகளிலும், இந்த எலும்புகளுக்குப் பெயர் தேடும் வேலைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கடைசியாகப் பணம். இந்தப் பேச்சு வந்ததும் நினைவுக் குழுக்கள் தயங்குகின்றன. 1923இல் ரோஸ்வுட் என்ற சிற்றூர் அழிக்கப்பட்டதற்கு ஃபுளோரிடா மாநிலம் 1994இல் சட்டம் இயற்றித் தப்பியவர்களுக்குத் தலா 1,50,000 டாலர் கொடுத்தது. ஆகவே இது முடியாத காரியமில்லை. டல்சாவின் மூன்று முதியவர்கள், வயோலா ஃபிளெட்சர், அவர் தம்பி ஹியூஸ் வான் எல்லிஸ், லெஸ்ஸி ராண்டில், 2021 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2023இல் வான் எல்லிஸ் 102 வயதில் இறந்தார். 2024 ஜூன் 12 அன்று ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2025 ஜனவரியில் மத்திய நீதித்துறை தன் ஆய்வை வெளியிட்டது: இது ராணுவத் தாக்குதல் போலத் திட்டமிட்டு நடந்தது என்றது, குற்றவாளிகள் இறந்துவிட்டதாலும் காலக்கெடு முடிந்துவிட்டதாலும் வழக்குப் போட வழியில்லை என்றது.

2025 ஜூன் 1 அன்று, டல்சாவின் முதல் கறுப்பின மேயர் மன்ரோ நிக்கல்ஸ் 10.5 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தார். தனியார் அறக்கட்டளை வழியாகத் திரட்டப்போகும் பணம் அது. அதில் 6 கோடி கட்டடங்களையும் பண்பாட்டுச் சின்னங்களையும் காப்பதற்கு, 2.4 கோடி வீட்டுவசதிக்கு. மீதி நிலம் வாங்கவும் கல்வி உதவிக்கும். நல்ல தொடக்கம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள் கையில் நேரடியாகக் கொடுக்க அதில் ஒரு டாலரும் ஒதுக்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வயோலா ஃபிளெட்சர் 111 வயதில் காலமானார். ஓக்லஹோமா மாநிலமோ டல்சா நகரமோ அவருக்கு நட்ட ஈடு எதுவும் கொடுக்கவில்லை.